புல் மெஷினுக்கு எத்தனை அங்குலம்?

புல் வெட்டும் தொழிலில் மனிதர்களுக்குத்தான் பெயர், மெஷின்களுக்கு அங்குலம். ஒரு தடவை தள்ளினால் எத்தனை அங்குல அகலத்துக்குப் புல் விழுகிறதோ, அதைச் சொல்லித்தான் மெஷினைக் கூப்பிடுவோம்: பன்னிரண்டு, பதினாறு, இருபத்துநாலு. இதில் எதை வைத்துப் பிழைப்பது என்று தெரியாமல் நானும் என் கூட்டாளி மிக்கேலும் யுத்தகாலம் முழுக்கத் தூத்துக்குடியில் அல்லாடினோம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள், இருந்து தப்பித்தவர்கள், இனிமேல் வந்து மாட்டிக்கொள்ளப் போகிறவர்கள் எல்லாருக்கும் நாங்கள் பட்டது உதவுமோ என்னவோ, உங்கள் தோள்பட்டை வலிக்குத் துணையாகவாவது இருக்கட்டும்.

துரை கிளம்பினார்

நான் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நெல் விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவன். இரண்டு அண்ணன்மார் இருந்தார்கள். இருந்த வயலுக்கு மூன்றாவது ஆள் தேவைப்படவில்லை. தூத்துக்குடிக்கு வந்து, கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்கார மானேஜரின் பங்களாவில் தோட்டக்காரனாகச் சேர்ந்தேன். ஊரில் களை என்று பிடுங்கி வரப்பில் எறிந்த அருகம்புல்லை இங்கே தண்ணீர் ஊற்றி வளர்க்கச் சொன்னார்கள். வளர்ந்ததும் மெஷின் வைத்து வெட்டச் சொன்னார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு, காலையில் வெட்டி முடித்த தரையில் வெயில் விழுவதைப் பார்க்கும்போது, இதிலும் ஏதோ இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது.

யுத்தம் வந்தது. துரை பட்டாளத்துக்குக் கிளம்பினார். பங்களாவைப் பூட்டினார்கள். போகும்போது பன்னிரண்டு அங்குலக் கை மெஷினை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, வேலை போய்விட்டது என்று என் மனைவி பொன்னம்மாளிடம் சொன்னேன். அவள் மெஷினைச் சுற்றிவந்து பார்த்தாள். எங்கள் வாசலில் ஒரு புல்கூடக் கிடையாது, வெறும் மணல். மற்ற பங்களாக்களில் யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டாள். அரிவாளால் அறுக்கிறார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை என்றேன். அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை.

"துரைதான போனாரு? புல்லு போகலையே!"

டாக்டரின் சாய்வு நாற்காலி

கை மெஷினை ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும், ஒருவர் முன்னால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். இழுக்க ஆள் தேடியபோது கிடைத்தவன்தான் மிக்கேல். துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவன். இயந்திரத்துக்கு இடது கையில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். மிச்ச விரல்களோடு அவன் அரம் போட்டால், மெஷின் பிளேடு காகிதத்தைக் கத்தரிக்கோல்போல வெட்டும். தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. அவனுக்கென்று இருந்தது சூசை என்ற ஒரு தம்பி. தம்பி கொழும்புக்குப் போய், கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்திருந்தான்.

எங்களுக்கு முதலில் வேலை கொடுத்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டர். வீடு அளவானது, தோட்டம்தான் பெரிது. நாங்கள் வெட்ட ஆரம்பித்ததும் அவர் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொள்வார். பேப்பர் படிப்பார், காப்பி குடிப்பார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவார், எழுந்து சாப்பிடப் போவார், திரும்பி வருவார். நாங்கள் அதே தரையில்தான் இருப்போம். பன்னிரண்டு அங்குலம் என்பது ஒரு முழத்துக்கும் குறைவு. அந்த அகலத்தில் ஒரு மைதானத்தைக் கடப்பது, கரண்டியால் கிணறு இறைப்பது மாதிரி. ஒருநாள் மாலை மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் காலையில் ஆரம்பித்த மூலையைப் பார்த்தார். குரலில் கேலி இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது.

"ஏம்ப்பா, நீங்க இந்தக் கோடிக்கு வந்து சேருததுக்குள்ள அந்தக் கோடில மறுபடியும் வளந்திருதே, இதுக்கு முடிவு எப்பம்?"

நாலு பூட்ஸ்

வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்று இருந்தது. டென்னிஸ் தரை இரண்டு, அதைச் சுற்றி ஒரு மைதானம். அதை வெட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனோம். செயலாளர் துரை எங்கள் பன்னிரண்டைப் பார்த்தார். பெரிய மெஷின் இருந்தால் வாருங்கள் என்று பட்லர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றே மிக்கேல் முடிவு செய்துவிட்டான். மதுரைப் பக்கம் ஒரு மில்லில் மாடு இழுக்கும் இருபத்துநாலு அங்குல மெஷின் சும்மா கிடப்பது அவன் காதில் விழுந்திருந்தது. "வே பெருமாளு, ஒரு இழுப்புல ரெண்டு இழுப்பு வேல. கணக்கு சின்னப்புள்ளைக்கும் புரியுமே," என்றான். எனக்கும் புரிந்தது. வாங்கிவிட்டோம். மெஷின் ரயிலில் வந்தது. மாட்டுக்கு ஊருக்குப் போய்ப் பெரியண்ணனிடம் கேட்டேன். உழவு இல்லாத நாளில் வைத்துக்கொள், உழவு வந்தால் திருப்பிக் கொண்டுவா என்று மயிலைக் காளையைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான், குளம்பு பதிந்தால் டென்னிஸ் தரை கெட்டுவிடும், மாட்டுக்குத் தோல் பூட்ஸ் போட வேண்டும் என்று கிளப்பில் சொன்னார்கள். நான் பிறந்ததிலிருந்து மாட்டோடு வளர்ந்தவன். மாட்டுக்குப் பூட்ஸ் என்பதை அன்றுதான் கேட்டேன். பஜாரில் செருப்பு தைக்கிற இசக்கியிடம் கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல் நாலு காலுக்கும் அளவெடுத்து, தோலில் பை மாதிரி தைத்து, வாரும் வைத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தோம். மயிலை ஒரு காலைத் தூக்கியது. அதை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கியது. பிறகு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, ஓர் அடிகூட எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கடைக்காரர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் கிச்சிலிப் பழம் காட்டினார், ஒருவர் வாலை முறுக்கினார். இசக்கி மட்டும் மாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இறுக்குதா, தளர்வா இருக்கான்னு ஒரு வார்த்த சொன்னா நான் சரி பண்ணிருவேன் அண்ணாச்சி. இவரு வாயத் தொறக்க மாட்டேங்காரே!"

மேம்சாகிபின் வளைவு

மயிலைக்குப் பூட்ஸ் பழகிவிட்டது. நாளாக நாளாக, அதைக் காட்டினால் தானாகவே காலை நீட்டும். கிளப் வேலையோடு, ஒரு மில் மானேஜரின் பங்களாவும் கிடைத்தது. வெளிக் கேட்டில் மோட்டார் கார் போகும். மெஷினும் மாடும் சுகமாகப் போய்விட்டன. புல்தரை பங்களாவுக்குப் பின்னால் இருந்தது. அதற்குப் போகும் வழியில் செடிவேலி, வேலியின் நடுவில் ஒரு வளைவு, வளைவின் மேல் பூங்கொடி. ஒரு ஆள் குனியாமல் போகலாம். அதற்குமேல் எதுவும் போகாது. புல்தரையின் நீள அகலத்தை முன்னாலேயே வந்து பார்த்திருந்தோம். வளைவை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மிக்கேல் மனம் தளரவில்லை. ஏர்க்கால் மாதிரி மாட்டோடு பூட்டும் மரச்சட்டத்தைக் கழற்றினான். மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்து, நாலு பேரைப் பிடித்து வளைவுக்குள் நுழைத்தான். அடுத்து மாடு. நான் தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தேன். தலை போனது, கொம்பு போகவில்லை. கொம்பில் கொடி சிக்கியது தெரிந்ததும் மயிலை மிரண்டு ஒரு திமிறு திமிறியது. கொடி, கம்பி, வளைவு எல்லாம் அதன் தலையோடு வந்துவிட்டன. பூட்ஸும் பூவுமாக மாடு புல்தரைக்குள் ஓடி, அங்கேயே நின்று, ஒன்றுமே நடக்காததுபோல மேய ஆரம்பித்தது. மானேஜரின் மனைவி, மேம்சாகிப், பின்வாசல் படியில் வந்து நின்றாள். அடிக்க வருவாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் மாட்டையே பார்த்தாள். பிறகு, சமையல்காரரிடம் படித்த தமிழில் கேட்டாள்.

"பெர்மாள், இது கல்யாணத்துக்கு வந்திருக்கா, வேலைக்கு வந்திருக்கா?"

மேடும் பள்ளமும்

இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் மண் கடல்மண். இன்று மட்டமாக இருக்கும், ஒரு மழையோ ஒரு கோடைக் காற்றோ வந்தால் அங்கங்கே மேடு தட்டும். சின்ன மெஷின் மேட்டில் ஏறும், பள்ளத்தில் இறங்கும். அகல மெஷினுக்கு அது முடியாது. இரண்டு மேட்டின்மேல் பாலம்போல உட்கார்ந்துகொண்டு, மேட்டை வேரோடு சிரைத்துவிட்டுப் பள்ளத்தைத் தொடாமல் போய்விடும். கிளப் மைதானத்தில் அதுதான் நடந்தது. டென்னிஸ் தரை வெல்வெட் மாதிரி இருந்தது. மைதானம் பக்கம் திரும்பியதும் ஓர் இடம் மொட்டை, ஓர் இடம் சடை.

மொட்டை விழுந்த இடங்களில் மண் போட்டோம், நீர் தெளித்தோம், இரண்டாம் முறை மாட்டை மெதுவாக நடத்திப் பார்த்தோம். மாறவில்லை. அந்த மேடுகளைப் பன்னிரண்டால் கையாலேயே தள்ளி வெட்டி ஒப்பேற்றினோம். பெரிய மெஷின் வாங்கியும் சின்ன மெஷின் வேலை போகவில்லை. செயலாளர் துரை ஒரு சாயங்காலம் கையில் பந்துமட்டையோடு வந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பட்லரிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பட்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"தொர கேக்காரு, நீங்க வெட்டுனது புல்லையா, இல்ல ஏதும் சொறிபுடிச்ச ஆட்டக் கொண்டாந்து விரிச்சுப் போட்டியளான்னு."

பதுங்குகுழி

கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்ததும் ஊர் பாதி காலியாகிவிட்டது. பெட்டியும் படுக்கையுமாக ஸ்ரீவைகுண்டம், திருநெல்வேலி என்று உள்நாட்டுப் பக்கம் போனார்கள். என் அண்ணனும், பொன்னம்மாளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வா என்று ஆள் அனுப்பினார். அவள் வர மாட்டேன் என்றுவிட்டாள். மிக்கேலுக்கு அந்தச் செய்தி வேறு விதத்தில் வந்தது. சூசையின் கப்பல் கொழும்பிலிருந்து புறப்படும் கப்பல். தம்பி கடிதம் எழுதுகிற வழக்கம் இல்லாதவன், எங்கே இருக்கிறான் என்று கேட்க அவனுக்கு ஆள் தெரியவில்லை. மாதா கோயிலுக்குப் போவான், அங்கிருந்து நேராக வேலைக்கு வருவான், கயிற்றைத் தோளில் போட்டுக்கொள்வான். அவ்வளவுதான்.

கிளப் மைதானத்தில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து பதுங்குகுழி வெட்டினார்கள். நேராக வெட்டாமல் வளைத்து வளைத்து வெட்டினார்கள். சைரன் ஊதி ஊர்க்காரர்களைக் கூட்டி ஒத்திகை பார்ப்பார்கள். யாரும் குழியில் இறங்க மாட்டார்கள், வெள்ளை வேட்டி அழுக்காகிவிடும் என்று ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பார்கள். குழிகளுக்கு நடுவில் மாட்டையும் மெஷினையும் திருப்ப இடம் இல்லை. ஒரு திருப்பத்தில் ஓரத்து மணல் சரிந்து, மயிலையின் முன்னங்கால் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. மாடு கத்தியது. பட்லர், மிக்கேல், நான், ரோட்டில் போனவர்கள் எல்லாரும் கயிறு போட்டு, மண்ணைச் சரித்துவிட்டு, மூச்சுப் பிடித்து மேலே ஏற்றினோம். நான் இரண்டு காலையும் தடவிப் பார்த்தேன், ஒடியவில்லை. அண்ணனின் உழவு அந்தக் காளையின் காலில் இருந்தது. மறுநாளே பூட்ஸைக் கழற்றிவிட்டு அதை ஊரில் கொண்டுபோய் விட்டேன். இருபத்துநாலு மிக்கேலின் ஓலைக் கொட்டகைக்குள் போனது. விசில் ஊதி ஆட்களைக் குழியில் இறக்கும் தற்காப்பு வார்டனாக இருந்த பள்ளிக்கூட வாத்தியார் அன்று எங்களோடு கயிறு பிடித்தவர். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"இத்தன மாசமா விசில் ஊதுதேன், முறைப்படி குழியில எறங்கினது இந்த ஊர்ல இது ஒண்ணுதான்."

மிக்கேல் பிடித்த பிடிவாதம்

பெரிய மெஷின் முடங்கியது. சின்னதை வைத்து எத்தனை வீடுதான் வெட்ட முடியும்? ஆள் போய்விட்ட பங்களாக்கள் போக மிச்சம் இருந்தவை எல்லாம் நடுத்தரத் தோட்டங்கள். பதினாறு அங்குலம் இருந்தால் இரண்டு ஆள் சிரமமில்லாமல் தள்ளலாம், எந்தக் கேட்டிலும் நுழையலாம், மேட்டையும் சமாளிக்கலாம். அப்படி ஒரு மெஷின் ஒரு மில்லின் பங்களாவில் இருந்தது. மில்லுக்கோ தொழிலாளர்கள் பந்து விளையாடும் மைதானத்துக்குப் பெரிய மெஷின் வேண்டும். உங்கள் இருபத்துநாலைக் கொடுத்துவிட்டு எங்கள் பதினாறை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களாகவே சொன்னார்கள். இதைவிட நல்ல வழி யாருக்கு வாய்க்கும்? ஓடிப்போய் மிக்கேலிடம் சொன்னேன். அவன் பிளேடுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். வேண்டாம் என்றான்.

ஏன் என்று கேட்டேன். சும்மா வேண்டாம் என்றான். இருபத்துநாலு வேண்டும் என்று ஆடியவன் அவன். இப்போது பன்னிரண்டே போதும் என்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படியே போனா ரெண்டு குடும்பமும் புல்லத்தான் திங்கணும்," என்று கத்தினேன். அவனுக்குக் குடும்பம் இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வாரம்தான், கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸின் முன்புறப் புல்லை வெட்டும் வேலையை அவனாகப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தான். நாலு எட்டில் முடிகிற தரை, கூலியும் அப்படித்தான். அதை எதற்கு ஒத்துக்கொண்டாய் என்று அதையும் சேர்த்துக் கேட்டேன். கூட்டு முறிந்துவிடும் என்றே நினைத்தேன். அவன் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தான்.

"வாங்கணும்னா நீரு வாங்கிக்கிடும், நான் மறிக்கல. ஏஜென்ட் ஆபீஸுக்கு மட்டும் இந்தப் பன்னிரண்டுதான் வரும்."

ஜன்னல் ஓரம்

அவன் சம்மதிக்காமல் மெஷினை மாற்ற எனக்கு மனம் வரவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று மில்லில் சொல்லிவிட்டேன். அந்த ஏஜென்ட் ஆபீஸில் நாறும்பூநாதன் என்று ஒரு கிளார்க் இருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். கப்பல் தந்தி எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். அவர் மேசை இருந்த ஜன்னலுக்கு நேர் கீழே புல்தரை. நாங்கள் போகிற நாளெல்லாம் மிக்கேல் என்னைக் கயிறு இழுக்க விடமாட்டான். இது சின்னத் தரை, நானே தள்ளிக்கிடுதேன், நீரு செடிக்குத் தண்ணி ஊத்தும் என்பான். நான் கோபத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை. ஒருநாள் தண்ணீர் ஊற்றி முடித்து, நிழலில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வெட்டி முடித்திருந்தான். ஆனாலும் தள்ளிக்கொண்டிருந்தான். புல் பெட்டியில் ஒன்றும் விழவில்லை. ஜன்னல் வரைக்கும் தள்ளுவான், அங்கே நிற்பான், பிளேடைக் குனிந்து பார்ப்பதுபோல பார்ப்பான், திரும்புவான். தந்திச் சேவகன் சைக்கிளில் உள்ளே வந்தபோது மெஷின் சத்தம் நின்றது. சேவகன் வெளியே போன பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லை.

இருபத்துநாலு அங்குலத்தில் அந்தத் தரை ஒரு நிமிஷ வேலை. பதினாறில் ஒரு காப்பி குடிக்கிற நேரம். பன்னிரண்டில், அதுவும் ஒற்றை ஆளாக, ஒரு மத்தியானம் முழுக்க அங்கே நிற்கலாம். யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க முடியாது. எழுந்துபோய்க் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். வெட்டின தரையையே இரண்டு பேருமாக மறுபடி வெட்டினோம். ஜன்னலுக்கு அருகே வந்தபோது நாறும்பூநாதன் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மிக்கேல் எதற்கு அங்கே நிற்கிறான் என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"மிக்கேலு, சேதி ஒண்ணு வந்துச்சுன்னா நானே ஒன் வீட்டுக்கு நடந்து வந்து சொல்லுதேன். வெயில் கடுமையா இருக்கு, போய் ஒரு வாய் கஞ்சி குடி."

கடிதம் எழுதாத தம்பி

நாறும்பூநாதன் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள் புல்தரையில் இருக்கும்போதே படி இறங்கி வந்தார். ஆபீஸ் நேரத்தில் அவர் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. செருப்புகூடப் போடவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சூசை வேலை பார்த்த கப்பல் கிழக்கே போகும் வழியில் மூழ்கிவிட்டது. தப்பித்தவர்களின் பட்டியலில் அவன் பெயர் இல்லை. இதை அவர் நின்றுகொண்டு சொல்லவில்லை. மிக்கேலைப் புல்லில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மிக்கேல் குருசு போட்டுக்கொண்டான். பிறகு எழுந்து, புல் பெட்டியைக் கழற்றிக் கொட்டினான், பிளேடைத் துடைத்தான். தினமும் செய்கிற வேலையை எல்லாம் ஒன்று விடாமல் வரிசையாகச் செய்துவிட்டு, கடைசியில் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மாதா கோயிலில் சவப்பெட்டி இல்லாமலே பூசை வைத்தார்கள். எப்போது எழுந்திருப்பது, எப்போது மண்டி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் இருந்தவரைப் பார்த்துச் செய்தேன். பொன்னம்மாள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து மிக்கேலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மாட்டேன் என்று அவன் சொல்வதற்கு முன்னாலேயே அவள் இலையைப் போட்டுவிடுவாள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வேலைக்குக் கிளம்பினோம். ஏஜென்ட் ஆபீஸ் வாசலுக்கு வந்ததும் அவன் மெஷினை நிறுத்தினான். இதை விட்டுவிடலாம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அந்த ஜன்னலைப் பார்த்தபடி, ரொம்ப சாதாரணமாகப் பேசினான்.

"விட வேண்டாம் வே. மில்லுல இன்னும் அந்தப் பதினாற மாத்திக்கிடுவாவளான்னு கேளும்... இனிமே இங்கன எனக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்."

காய்க்காத புல்

மாற்றிக்கொண்டார்கள். பதினாறு வந்த பிறகுதான் தொழில் தொழிலாக நடந்தது. எந்த வளைவிலும் நுழைந்தது, எந்த மேட்டிலும் ஏறியது. பன்னிரண்டை விற்கவில்லை. பூச்செடி ஓரத்துக்கும் மர அடிக்கும் அது வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. துரைமார்கள் ஒருவர் பின் ஒருவராகக் கப்பல் ஏறினார்கள். தோட்டத்தோடு பங்களாக்கள் கைமாறின. முதல் தடவை வேலை போனபோது இருந்த அதே பயம் மறுபடியும் வந்தது. நம்மவர்கள் புல்லை வைத்திருப்பார்களா?

மில்லர்புரம் பக்கம் ஒரு பங்களாவை உப்பு வியாபாரி ஒருவர் வாங்கினார். பனங்காட்டிலிருந்து வந்து கடை வைத்து முன்னேறியவர். நானும் மிக்கேலும் போய் நின்றோம். அவர் எங்களோடு தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினார். தென்னை எங்கே வைக்கலாம், முருங்கை எங்கே வைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தார். நடுத்தரைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நின்றார். நன்றாக அழுத்தி நின்று பார்த்தார். உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். இதற்குத் தினமும் தண்ணீர் வேண்டுமா என்றார். வேண்டும் என்றேன். வாராவாரம் வெட்ட வேண்டுமா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். வெட்டினதை மாட்டுக்குப் போடலாம் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, தண்ணியும் கேக்கு, ஆளும் கேக்கு, மிசினும் கேக்கு... இது எப்பம் காய்க்கும்?"

மிக்கேல் வாய்விட்டுச் சிரித்தான். சூசை போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "காய்க்காது அண்ணாச்சி, வெறுங்காலோட நடக்கத்தான் ஆகும்," என்றான். உப்பு வியாபாரி யோசித்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். தென்னை ஓரமாக இருக்கட்டும், நடுவில் புல்லே இருக்கட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு வீட்டுப் படி வரைக்கும் நடந்தே போனார்.

இப்போதும் யாராவது வந்து, புதிதாக இந்தத் தொழிலில் இறங்குகிறேன், எத்தனை அங்குலம் வாங்கலாம் என்று கேட்டால், யாருக்கு வெட்டப் போகிறாய், யாரோடு சேர்ந்து வெட்டப் போகிறாய், அவருக்கு அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கிறேன். கேட்டவர்கள் பெரும்பாலும் டீக்கடை வைக்கப் போய்விடுகிறார்கள்.